மாத்திரை நாளில் மறியல்

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் வேம்பு.

அவன் அசைந்தபாடில்லை. எண்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம். சர்க்கார் சொன்ன அறுவடைக் கூலியை மிராசுதார்கள் தரவில்லை என்று, கூத்தாநல்லூர் சாலையில் தூறலோடு தூறலாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன்தான் இராஜாங்கம். அவள் வந்த பஸ் பின்னால் நின்றது. மதியத்துக்குள் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மாத்திரை அடுத்த வாரம்தான்...

"திருவாரூர்ல அப்படி என்ன அவசரம்? மேட்னி ஷோவா?"

"ஆமாங்க. நீங்க நடிச்ச படமாம். பாத்துட்டு வரலாம்னு."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் எப்படிச் சுருங்கின... பாழாய்ப்போன நேரத்தில் அதையா பார்ப்பாள் ஒருத்தி? பார்த்தாள். ஆனால் காசநோய் என்று ஊர் நடுவே எப்படிச் சொல்வாள், கல்யாணமாகாத பெண்? பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அவன் சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை நீட்டினான். துடைத்துத் திருப்பித் தந்தாள். துண்டைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான்... ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்து வந்து, ஏறச் சொன்னான்.

மறுமாதமே அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வேம்புவின் அம்மா காளியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். இருமல்தான் நின்றுபோச்சே, தாலி ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

இருமல் நின்றதும் விட்டவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் வந்து படுத்துக்கிடப்பதை வேம்பு பார்த்திருக்கிறாள். ஆரம்பித்தவர்கள் எல்லாரும் முடித்தால் இந்த வார்டே காலியாகிவிடும் என்று நர்ஸ் கமருன்னிஸா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். முடித்தால் உயிர் தங்கும். ஆனால் அவன்... தங்குவானா?

பூ வைக்க வந்த அன்று காலை, பானைக்குள் கைவிட்டு மாத்திரையை எடுத்து விழுங்கினாள். கொல்லையில் கை கழுவ வந்தவன் எதிரே போய் நின்றாள்.

"எனக்கு டி.பி. இன்னும் ரெண்டு மாசம் மாத்திரை இருக்கு. அம்மா மறைக்கச் சொல்றாங்க. மறைச்சுக் கட்டிக்க மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். போறதுன்னா... இப்பவே போயிடுங்க."

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். ஏதாவது சொல்லித் தொலையேன் என்று வேம்புவின் மனம் அடித்துக்கொண்டது.

தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தான். அன்று அவள் கண் துடைத்த இடத்தில், துவைத்தும் போகாத மங்கலான ஆரஞ்சுக் கறை.

"அந்தச் சிவப்பு மாத்திரை தின்னா கண்ணீரும் இந்த நிறந்தான். எங்க அக்கா அழுதப்பவும் இப்படித்தான். இருமல் நின்னதும் போதும்னு நாங்கதான் நிறுத்தச் சொன்னோம்... அக்கா போயிடுச்சு." துண்டை மடித்தான். "ரோட்டுல வச்சே எனக்குத் தெரியும். பாவம்னு வரல வேம்பு. பிடிச்சுப்போய் வந்தேன். கல்யாணம் மாத்திரை முடிஞ்சப்புறம். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு என் சைக்கிள்தான். இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. அதே துண்டால் அவனே துடைத்துவிட்டு, துண்டைப் பார்த்தான்.

"போட்டிருக்கே" என்றான்.