தானாக ஓடிய மட்டை மெஷின்

"என் முழங்கைதான் பட்டுச்சோ என்னமோ, எனக்கே தெரியலீங்கம்மா!" என்று சொல்லிவிட்டு அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரண்டஹள்ளியில் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் தீர்த்தம்மாளின் வீடு அது. ஊர்க்காரர்களின் சிக்கல்களைத் துருவிப் பார்ப்பது இன்னமும் அவருக்கு விட்டுப்போகவில்லை. மோட்டார் காயில் கட்டும் முருகேஷ், தன் கடையை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடுகிற ஆள்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றார் தீர்த்தம்மாள்.

அமுதா சொன்னாள். மூன்று நாளைக்கு முன், அவள் கூலிக்குப் போகும் காளியப்பன் தோட்டத்தில் தென்னை மட்டை அரைக்கிற வேலை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றுவிட்டது. மட்டை சிக்கிக்கொண்டது என்று எண்ணி, காளியப்பன் மெஷினின் வாய்க்குள் கைவிட்டு இழுத்தார். அமுதா காலிக் குடத்தோடு சுவிட்ச் பெட்டியை ஒட்டி நின்றிருந்தாள். திடீரென்று மெஷின் உறுமியது. ஐயோ, அந்தச் சத்தம்! அவள்தான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அதற்குள் காளியப்பனின் இரண்டு விரல்கள் போய்விட்டன. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார்.

"காலைல லேட்டா வந்தேன்னு அவரு என்னை ஏசினாருங்க. அந்தக் கோவத்துல நான்தான் ஆன் பண்ணிட்டேன்னு அவரு சம்சாரம் காவேரி அக்கா சொல்றாங்க. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறாங்களாம். என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா எம் புள்ளைங்க கதி?"

"கரண்ட்டு போய் வந்துச்சா?"

"இல்லீங்க. ஷெட்டுல பல்பு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

"குடம் எதுக்கு?"

"பச்சியப்பன் தோட்டத்துக் குழாய்க்குப் போனேன். தண்ணி வரலை, வெறுங்குடத்தோட திரும்பிட்டேன். அப்புறம் அவரு கைக்குத் துணி நனைக்க ஓடினப்ப, கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சுங்க."

தீர்த்தம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முருகேஷையும் கூட்டிக்கொண்டு காளியப்பன் தோட்டத்துக்குப் போனார்கள். அந்த மெஷின் வாயைப் பிளந்துகொண்டு அதே இடத்தில் நின்றது. அதற்கப்புறம் யாரும் அதை ஓட்டவில்லை. புளி தட்டிக்கொண்டிருந்த காவேரி, கொட்டை எடுத்த பிசுக்குக் கையோடு எழுந்து வந்தாள்.

"இவள எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க? சண்டாளி!"

அமுதா முருகேஷின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் பெட்டியைத் திறந்து, டெஸ்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"ஃபால்ட்டே இல்ல மேடம். ஒயர் உரசல, பொத்தான் ஒட்டல. யாராச்சும் அமுக்கினாத்தான் ஓடும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அமுதா தலையில் கைவைத்துக்கொண்டாள். தீர்த்தம்மாளோ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெட்டிக்குள் தலையை விட்டு நிதானமாகப் பார்த்தார். உள்ளே எல்லாவற்றின் மேலும் மட்டைத்தூள் அப்பியிருந்தது. ஒரு சின்னக் குமிழில் மட்டும் பழுப்பாக ஏதோ பளபளத்தது.

"இது என்ன முருகேஷ்?"

"பம்பு செட்டுக்கான ஆட்டோ சுவிட்ச்சுங்க. போட்டு வச்சிட்டா, மூணு பேஸ் லைன்லயும் கரண்ட்டு வந்ததும் மோட்டார் தானா ஓடும். இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்துலயும் இருக்கும். இங்க ஆஃப்லதான் இருக்கு. இவரு பம்பு ஒயரைக் கழட்டிட்டு, அதே இடத்துல மெஷின் ஒயரை மாட்டி..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். "மேடம்!"

"சுவிட்ச்சை ஸ்க்ரூ டிரைவரால தள்ளிப் போடு. கை வைக்காதே. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

ஷெட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மெஷின் அசையவில்லை. பச்சியப்பன் குழாயிலும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. நேரம் ஊர்ந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் பச்சியப்பன் குழாயிலிருந்து தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பெட்டிக்குள் 'டக்' என்றது. ஒருவரும் அருகில் இல்லாமலே மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

காவேரி வீறிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முருகேஷ் ஓடிப்போய் நிறுத்தினான்.

"பல்பு எரிய ஒரு பேஸ் போதும், இந்த மோட்டாருக்கு மூணும் வேணும்" என்றார் தீர்த்தம்மாள். "அன்னைக்கு ஒண்ணு போச்சு, மெஷின் நின்னுது. மட்டை சிக்கவே இல்ல. பச்சியப்பன் பம்பும் அதே லைன்லதான் ஓடுது, அதான் அவன் குழாயும் வறண்டு கெடந்துச்சு. மறுபடி வந்ததும் ரெண்டும் சேர்ந்து ஓடுச்சு. அமுதா, உன் முழங்கை எதையும் தொடல."

அமுதா தன் கைகளைப் பார்த்தாள். மூன்று நாளாக வெட்டி எறிந்துவிடலாமா என்றிருந்த கைகள்!

"அப்புறம் ஆட்டோ ஆஃப்ல இருந்துச்சே, எப்படி மேடம்?" என்று கேட்டான் முருகேஷ்.

"யாரோ பிற்பாடு தள்ளியிருக்காங்க. குமிழ் மேல புளிப் பிசுக்கு இருக்கு. அதுக்கு மேல தூள் இல்ல. அன்னைக்கு மெஷின் நின்னதுக்கு அப்புறம் பட்ட கை அது."

எல்லாருடைய பார்வையும் காவேரியின் கைகளுக்குப் போயிற்று. அவள் அவற்றை மடிக்குள் புதைத்துக்கொண்டாள்.

"தெனமும் காலைல வயலுக்குப் போறப்ப ஆட்டோவைப் போட்டுட்டுத்தான் போவேன். பழக்க தோசம்! அவரு மெஷின் ஒயரை அங்க மாட்டுனது எனக்குத் தெரியாதுங்க. புளி தட்டிக்கிட்டிருந்தவ சத்தம் கேட்டு ஓடி வந்தப்புறந்தான் புரிஞ்சுது. என் கையாலயே அவரு விரலை... அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? பயந்துட்டேன். ஆஃப் பண்ணிட்டு இவ பேரைச் சொல்லிட்டேன்."

அமுதா காவேரியின் எதிரே வந்து நின்றாள்.

"நானும் பயந்தேன்க்கா. ராத்திரி பூரா என் கைதானோன்னு செத்துச் செத்துப் பொழச்சேன். அப்பவும் நான் யாரு பேரையும் சொல்லலியே."

தீர்த்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அமுதா கையமர்த்தினாள். கயிற்றுக் கட்டிலில் கிடந்த காவேரியின் செல்போனை எடுத்து வந்து அவள் முன் நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போடுங்க. நான் ஆன் பண்ணுனேன்னு அவரும்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்காரு. உங்க வாயாலயே சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் இங்கியே நிக்கிறேன்."

காவேரி புளிக் கையாலேயே போனை வாங்கினாள். மறுமுனையில் காளியப்பன் "அலோ" என்றதும் அவள், "ஆட்டோவைப் போட்டது நான்தாங்க..." என்று ஆரம்பித்தாள். அமுதா நகராமல் நின்றாள்.