கஞ்சி போட்ட வெள்ளிச் சட்டை

"யாரு இந்தச் சட்டையத் தொட்டது?"

ஆனந்தவள்ளி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. தாழ்வாரக் கொடியில் கிடந்த வெள்ளிச் சட்டை பலகை மாதிரி விறைத்திருந்தது!

தென்காசி கல்யாண மண்டபத்தில் நடக்கும் இலவச வாள்வீச்சு வகுப்புக்கு இருப்பதே அந்த ஒரு சட்டைதான். உலோக நூலில் நெய்தது. வாள்முனை பட்டால் கரண்டு பாய்ந்து விளக்கு எரியும். பதினோரு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டு வேர்வையில் நனைப்பதை ஆறு மாதமாக அலசிக் காயப்போடுவது அவள்தான். இன்றைக்குப் பத்து மணிக்கு மாவட்டத் தேர்வு.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான மகள் மஞ்சு, வகுப்பிலிருந்து கொண்டுவந்த சோதனைப் பெட்டியின் கம்பியைச் சட்டையில் வைத்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

"அம்மா... போச்சும்மா!"

யார் வேலை என்று ஆனந்தவள்ளி யோசிக்கவே இல்லை. அவள் புருஷன் சுடலைராஜ், போலீஸ் ஏட்டு. "கண்ட பிள்ளைக போட்டத என் வீட்டுல துவைக்காத, என் காக்கிய அந்த வாளியில முக்காத" என்று சொன்ன நாளிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன்.

"வேணும்னே செஞ்சியளா? காலனிப் பிள்ளைக ஜெயிச்சிரக் கூடாது, அதான? என்னைய ஏசுனிய, பொறுத்துக்கிட்டேன். அந்த இசக்கிமணிக்குக் கால்ல ஒழுங்கா ஒரு செருப்பு கெடையாது... வெளக்கு எரிஞ்சாத்தான் அவ சிரிக்கா. அதுலயும் மண்ணள்ளிப் போடணுமா?"

சுடலைராஜ் தரையைப் பார்த்தார். "கஞ்சி போட்டேன்."

"என்னது?"

"நேத்து நீ இலத்தூருக்குப் போயிருக்கயில நானே அலசினேன். பரேடுக்குப் போற மாதிரி எடுப்பா இருக்கட்டும்னு... அந்தப் பிள்ள வெளையாடுதத மண்டப ஜன்னல் வழியாப் பாத்தேன் ஏட்டி. என்னா வேகம்!"

"ஐயோ, எங்கன போய் முட்டிக்கிட! இது என்ன உங்க காக்கியா? இதுக்குப் போய்க் கஞ்சி போடுவாவளா? கரண்டு எப்படிப் பாயும்?"

திட்டிக்கொண்டே அவள் வெந்நீர் வைத்தாள். அவர் கஞ்சி போகுமட்டும் அலசினார். மூன்று நாளாக விடாத சாரலில் வெயிலுக்கு எங்கே போவது? ஃபேனுக்குக் கீழே சட்டையின் தோளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதரைக்குச் சோதனைப் பெட்டியில் விளக்கு எரிந்ததும் மஞ்சு துள்ளிக் குதித்தாள்.

மண்டபத்தில் இசக்கிமணியின் முதுகு ஜிப்பைச் சுடலைராஜே இழுத்து மாட்டினார். "நேரா நில்லு தாயி" என்றார். மத்தியானம் ஒட்டிய பட்டியலில் இசக்கிமணியின் பெயர் மேலேயே இருந்தது. மஞ்சுவுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவள்தான் அதிகமாகக் கத்தினாள்.

சாயங்காலம் ஆனந்தவள்ளி சட்டையை வாளியில் ஊறவைத்தாள். சுடலைராஜ் வந்து, தன் காக்கியையும் அதே வாளியில் முக்கினார்.

"கூறு இருக்கா உங்களுக்கு? சாயம் ஒட்டிரும், எடுங்க வெளிய!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே, சோப்பு நுரைக் கையோடு அவர் தோளில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதாள்.