மின்னல் காணாமல் போன மாயவித்தை

உலகத்தில் எல்லா வண்டிகளும் ஓடும். தாத்தா வீட்டுக்குப் போகிற வண்டி மட்டும் ஊர்ந்துதான் போகும். அன்று காலை கோலிக்கு அப்படித்தான் தோன்றியது.

"அப்பா, கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"சிவப்பு விளக்குல நிக்கறேன்மா. இதுக்கு மேல எப்படி வேகமா நிக்கறது?"

உருண்டை உருண்டையான விழிகள் இருந்ததால் அவளுக்குக் கோலி என்று பெயர் வந்தது. வயது பத்து. அவள் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் அப்பாவின் பழைய தொப்பி, கறுப்புத் துணி, ஒரு மந்திரக்கோல். மந்திரக்கோல் போன மாதம் வரைக்கும் உடைந்த குடையின் கம்பியாக இருந்தது.

குடும்பம் ஒன்றுகூடும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு நிகழ்ச்சி நடத்துவார்கள். கோலி வித்தை காட்டுவாள். பெரியம்மா மகன் நெட்டை முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "காசு இடது கைல இருக்கு" என்று போட்டு உடைத்துவிடுவான். அவனுக்குப் பதின்மூன்று வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இந்த முறையாவது அவன் வாயை அடைக்க வேண்டும். ஒரு மாதமாகக் கோலிக்கு இதே யோசனைதான்.

பாட்டி வாடகைக் கடை நடத்துகிறவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய கொட்டகையில் நாற்காலிகள் கூரையைத் தொடுகிற அளவுக்கு அடுக்கியிருக்கும். மேஜைகள், கூடாரத் துணிகள், ஆளே உள்ளே உட்காரலாம் போன்ற சமையல் பாத்திரங்கள் எல்லாம் அங்கேதான். தாத்தா ஓரமாகத் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கிழிந்து திரும்பி வந்த துணிகளைத் தைப்பார். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

வண்டி நின்றதுதான் தாமதம், சித்தியின் இரட்டைப் பிள்ளைகள் ஓடிவந்து கோலியின் காலைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று வயது. பெண் மின்னல், பையன் இடி. தாத்தா வைத்த பெயர்கள் அவை. அவர்களோடு ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் கோலி மின்னலைத் தனியாக அழைத்துப்போனாள்.

"இங்க பாரு. மேஜை மேல துணி தரை வரைக்கும் தொங்குதில்ல? நீ அதுக்கடியில புகுந்து, அங்க கட்டியிருக்கற திரைக்குப் பின்னால போய், நாற்காலி அடுக்குக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். நான் வந்து கூப்பிடற வரைக்கும் மூச்சு விடக் கூடாது."

"மூச்சா?" மின்னல் பயந்துபோனாள்.

"மூச்சு விடலாம். பேசக் கூடாது."

மாலையில் கொட்டகை நிறைந்தது. தாத்தாகூடத் தையலை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கோலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மின்னலை மேஜைக்கடியில் அனுப்பினாள். கோலைச் சுழற்றி மூன்று எண்ணிவிட்டுத் துணியைத் தூக்கினாள். மேஜைக்கடியில் யாரும் இல்லை.

"திரைக்குப் பின்னால இருக்கா" என்றான் நெட்டை.

"போய்ப் பாரேன்."

நெட்டை திரைக்குப் பின்னால் போனான். நாற்காலி அடுக்கையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"இல்லையே."

கோலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலி அடுக்குக்குப் பின்னால் மின்னல் இருந்திருக்க வேண்டுமே. அவளே ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னச் செருப்பு மட்டும் கிடந்தது.

"சித்தி" என்று அழைத்தாள். "மின்னல் நிஜமாவே காணோம்."

பாட்டி முதலில் வாசலுக்குப் போய்ப் பார்த்தார். "கதவு பூட்டியிருக்கு. வெளிய போகல. யாரும் பதறாதீங்க." ஆனால் சித்தி அதற்குள் பதறி முடித்து அழ ஆரம்பித்திருந்தார். ஆளுக்கொரு மூலையில் மின்னலைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. யார் பேச்சையும் கேட்காத மின்னல், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் என்னால்தான் என்று கோலிக்கு அழுகை முட்டியது.

"உன் அக்கா எங்கடா ஒளிஞ்சிருக்கா? சொல்லு, சொல்லு" என்று பெரியவர்கள் இடியைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள். இத்தனை முகங்கள் குனிந்து கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும்? அவன் ஓவென்று அழுதான்.

கோலிக்கு மனசு கேட்கவில்லை. அவர்களுக்கு நடுவே புகுந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். ஓரமாக உட்கார வைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். "உன்னை யாரும் திட்டலடா. இந்தா" என்று ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

அழுகை நின்றது. பிஸ்கட்டை வாய்க்குள் தள்ளிவிட்டு இடி மறுகையை நீட்டினான்.

"இன்னொண்ணா? சரியான சாப்பாட்டு ராமன்" என்று சொல்லி அதையும் கொடுத்தாள்.

இரண்டாவதை அவன் தின்னவில்லை. பத்திரமாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தான். இவன் கையில் கிடைத்த பிஸ்கட்டைத் தின்னாமல் இருக்கிறானே, அப்படியானால் இது யாருக்கு? கோலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

இடி மேஜைகளைக் கடந்தான். துணிக் குவியலைச் சுற்றிக்கொண்டு, கொட்டகையின் கடைசி மூலைக்குப் போனான். அங்கே ஒரு பெரிய பாத்திரம், வாய் சுவரைப் பார்த்தபடி சாய்ந்து கிடந்தது. இடி சுவருக்கும் அதற்கும் நடுவே இருந்த சந்துக்குள் புகுந்து, பிஸ்கட்டை உள்ளே நீட்டினான். உள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

"மின்னல்" என்றாள் கோலி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அக்கா, நான் பேசவே இல்லை" என்றது பாத்திரம்.

சித்தி மின்னலை அணைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

"மன்னிச்சுக்கோங்க சித்தி."

"அடுத்த தடவை உன் பெரியப்பாவை மறைய வை. அவரைத் தேடறது சுலபம்" என்று சித்தி அழுகையோடு சிரித்தார். பெரியப்பா தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"எல்லாரும் போய் உட்காருங்க" என்றார் பாட்டி. "வித்தை முடிஞ்சதுக்குக் கை தட்ட வேண்டாமா?"

கோலியும் இடியும் மின்னலும் கைகோத்துக் குனிந்து வணங்கினார்கள். கொட்டகை அதிர்ந்தது. நெட்டை தலையெல்லாம் ஒட்டடையோடு நின்றான். அவனும் கை தட்டினான்.

"நானும் எல்லா இடமும் பார்த்துட்டேன். எப்படிப் பண்ணின?"

"சத்தியமா எனக்கே தெரியாதுண்ணா. இவ தானாப் போய் ஒளிஞ்சா. இவன் கண்டுபிடிச்சான்."

"சும்மா சொல்லாத. உண்மையைச் சொல்லு."

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்வரை நெட்டை அவள் பின்னாலேயே திரிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கோலியும் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னாள். அவன் நம்பவேயில்லை. கோலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?