கூடத்தில் இன்னொரு இணைப்பு

மழை மூட்டத்தில் பகல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த வேளையில், இணைய மெக்கானிக் அந்தப் பழைய மாடி வீட்டின் அழைப்புமணியை அழுத்தினான். கதவைத் திறந்த பெரியவர் பேச்சை வளர்க்கவில்லை.

"வீடியோ நின்னு நின்னு சுத்துது தம்பி. என் வீட்டுக்காரி சோறு தண்ணி இல்லாம டிவி முன்னாடியே கெடக்கிறா."

கூடத்து சோபாவின் ஒரு ஓரத்தில் அந்த அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு பெண் கடலோரம் ஓடினாள். திரும்பிச் சிரிக்கப்போகும் நொடியில் அப்படியே உறைந்தாள். அவள் முகத்தின் மேல் வெள்ளை வட்டம் சுழன்றது.

"எங்க பொண்ணு. போன வருஷம் பஸ் தீப்பிடிச்சு..." மீதியை அவர் விழுங்கிக்கொண்டார்.

வீடியோக்கள் மாடிப்படிக்கு அடியிலிருந்த கம்ப்யூட்டரில் இருந்தன. அங்கிருந்து வைஃபை வழியாக டிவிக்கு வந்தன. மெக்கானிக் கேபிளை மாற்றினான். ரவுட்டரை டிவிக்குப் பக்கத்தில் நகர்த்தினான். வட்டம் அசரவில்லை. கடைசியாகத் தன் லேப்டாப்பில், ரவுட்டரோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தான்.

டிவி. கம்ப்யூட்டர். அப்புறம், 'சுண்டெலி'.

அது அதே வீடியோவை அதே நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது.

"சுண்டெலி யாரு சார்?"

பெரியவரின் முகம் வெளுத்தது. "அவ செல்லப் பேரு. அவ போனுக்கும் அதையே வெச்சிருந்தா. அது பஸ்ஸோடயே எரிஞ்சு போச்சுப்பா."

பக்கத்து வீட்டுக்காரர் எவராவது பாஸ்வேர்டைத் திருடியிருப்பார் என்று மெக்கானிக் மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் சுண்டெலியின் சிக்னல் முழுதாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இவ்வளவு வராது.

இந்தக் கூடத்துக்குள்ளேதான்.

எங்கிருந்தோ கருகிய பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. சோபாவில், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், காலியான மெத்தை அமுங்கியிருந்தது.

"அதை நிறுத்திடு தம்பி," என்று பெரியவர் கிசுகிசுத்தார்.

"வேணாங்க. அவளும் பாக்குறா. பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் அந்த அம்மா.

"இப்படியே விட்டா உன்னையும் பறிகொடுத்துடுவேன்டி!"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு 'தடை செய்' என்பதை அழுத்தினான்.

வட்டம் மறைந்தது. திரையில் பெண் திரும்பிச் சிரித்தாள். வீடியோ தடங்கலின்றி ஓடியது. பெரியவர் பெருமூச்சு விட்டார்.

அந்த அம்மா மட்டும் அலறினாள். "மழை பெய்யுதே! எம்புள்ளைய வெளிய தள்ளிட்டீங்களே!"

கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு மெக்கானிக் ஓடினான். வாசலில் நின்ற தன் காரில் ஏறிக் கதவுகளைப் பூட்டியபின்தான் மூச்சு வந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் போடாமலே ஹாட்ஸ்பாட் ஆனாகியிருந்தது.

'சுண்டெலி இணைய அனுமதி கேட்கிறது.'

மறுத்தான்.

மறுபடி கேட்டது.

மறுத்தான். போனையே அணைத்தான்.

அணைந்த திரை தானாக ஒளிர்ந்தது.

'இணைந்தது.'

காருக்குள் யாருமில்லை. பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட் மெதுவாக நீண்டு வந்து, கிளிக்கென்று மாட்டிக்கொண்டது.