நீலம் போகாத கரி

மனித குலத்தைப் பிடித்திருந்த பயம் என்ற நோயை நிரந்தரமாக ஒழித்தது நிலாவின் மூன்றாம் குடியிருப்பிலுள்ள கரிக்கூடம்தான். சொன்னவர் அதன் தலைமை வேதியியலாளர் குணாளன். மறுத்துப் பேச ஆளில்லை. ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது. அங்கே ஜனங்கள் அவருடைய காற்று அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் பல் துலக்குவார்கள்.

குடியிருப்பின் சுவர்களிலிருந்து கசியும் பசையாவிக்கு மணம் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம், அதற்கப்புறம் எழுப்ப முடியாது. அதைப் பிடித்துவைப்பது கிளர்கரி. நீர் வடிகட்டியில் உழைத்து ஓய்ந்த பிசின்மணிகளைக் காற்றுப் படாமல் கருக்கி, உலையில் நீராவி பாய்ச்சினால், கரியில் கோடானுகோடி நுண்துளைகள் திறக்கும். ஆவி அவற்றின் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். இதை நம்பாமல் கட்டிலுக்கடியில் காற்றுக்குப்பி பதுக்குகிறவர்களுக்குக் குணாளன் வைத்திருந்த பெயர், ‘குப்பிக் கோழைகள்’.

சோதனைக் குடுவையில் நல்ல கரியைப் போட்டுக் குலுக்கினால் நீலச்சாயம் தண்ணீராக வெளுத்துவிடும். இன்று வெளுக்கவில்லை.

“இன்னும் நல்லா குலுக்கும்மா ஷாகிதா.”

“என் கை கழண்டுடும் சார்,” என்றாள் உதவியாளர். “நீராவி பாதியிலேயே நின்னுருக்கு. துளையே திறக்கல. இது வெறும் அடுப்புக்கரி.”

பழைய கரியின் துளைகள் நேற்றே நிரம்பிவிட்டன. புதிதாகச் செய்ய இரண்டு நாளாகும். குணாளனின் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. ஆவியா, பயமா? அவருக்கே தெரியவில்லை.

“சாயம் கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி விட்டுப் பாரேன்.”

“தண்ணி விட்டா தண்ணிதான் சார் பாஸாகும். ஊருக்குச் சொல்லிடுங்க. குப்பி வச்சிருக்கவங்க இல்லாதவங்களுக்கும் குடுத்து ரெண்டு நாள் ஓட்டிடலாம்.”

“சொன்னா பயந்துடுவாங்கம்மா.”

“பயப்படட்டும் சார்! என் பொண்ணு ஸ்கூல்ல தூங்கிட்டா?” குடுவையை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுக் கதவை நோக்கி ஓடினாள்.

குணாளன் குடுவையில் தண்ணீர் ஊற்றினார். நீலம் வெளிறியது. இன்னும் ஊற்றினார். பாஸ்.

கதவைத் தாழிட்டார். அலமாரியில் தொங்கிய அங்கிகளுக்குப் பின்னாலிருந்து, முத்திரை பிரிக்காத குப்பி ஒன்றை எடுத்தார். முத்திரையைக் கிழித்துவிட்டு ஒலிபெருக்கியை முடுக்கினார்.

“அன்பு மக்களே, இன்றைய காற்று மிகத் தூய்மையானது.”

ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்தினார். குப்பியின் குழாயை மூக்கில் செருகி, சத்தமில்லாமல் ஒரு மூச்சு ஆழமாக இழுத்தார். கையை எடுத்தார்.

“குப்பிகள் தேவையில்லை.”