வைத்துப் பார்க்க மூன்று நாள்

பெட்டியைத் திறந்து கையில் எடுத்தபோது கன்ட்ரோலர் சூடாக இருந்தது.

யசோதினி அதை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பண்டாரவளையில் நான்கு மணிக்கு பஸ் ஏறியவள் ஹல்துமுல்லையில் இறங்க ஐந்தரை ஆகிவிட்டது. வழியெல்லாம் பனிமூட்டம். மூடாத கண்ணாடி வழியாக அடித்த ஈரக்காற்றில் மடியிலிருந்த பெட்டியின் அட்டைகூட நமுத்துச் சில்லிட்டுப் போயிருந்தது. உள்ளே இருந்த அந்தப் பொருள் மட்டும், யாரோ வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கீழே வைத்த மாதிரி, இரண்டு பக்கப் பிடியிலும் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரி சூடு என்று சொல்லிக்கொண்டாள். பிறகு அதை நம்பாமல் பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தாள். அது நடுவில் இருந்தது.

எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை அவள். கேஸ் சிலிண்டரின் சீலை மூன்று தரம் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அவளைக் கண்டதும் மீன்காரர் தானாகவே செவுளைத் திறந்து காட்டுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்படிப்பட்டவள் ஒரு கேம் கன்சோல் வாங்கலாமா என்று யோசிப்பதே ஆச்சரியம்தான். காரணம் அவள் வீட்டுக்காரர் ஆகில்.

கல்யாணமாகி இரண்டு வருசம். சேர்ந்திருந்தது ஐந்து வாரம். அவர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் இரவு வேலை. சாயங்காலம் போனில் "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன், நீங்க?" என்பாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஒருநாள் அவரே சொன்னார். "இப்பிடியே போனா நாம யாரோ ஆயிருவோம் யசோ. இந்தப் புது கன்சோல் நம்மகிட்ட ஆளுக்கு ஒன்னு இருந்தா, தினம் ஆறு மணிக்கு ஒரு மணிநேரம் சேர்ந்து ஏதாவது செய்யலாம். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நான் வந்துருவேன்." அவரை இழக்க அவளுக்கு மனமில்லை. அதனால்தான் பண்டாரவளை ஸாஹிர் நானாவின் கடைக்குப் போனாள்.

"கொஞ்சம் பாவிச்சது டீச்சர், ஆனா புதுசு மாதிரி. மூணு நாள் வீட்டுல வச்சுப் பாருங்க. தெரிஞ்ச ஆக்களுக்கு நம்மட கடையில அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு நான் உங்கட பக்கம், பெரகலைக்கு வருவன். பிடிச்சா சொல்லுங்க, இல்லாட்டி சாமானத் தந்துடுங்க."

இவ்வளவு நல்லவராக ஒருவர் ஏன் இருக்கவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'வாங்கலாம்', மறுபக்கம் 'வேண்டாம்' என்று எழுதினாள். வேண்டாம் பக்கத்தில் முதல் வரி: சூடு.

மாமியார் மகளின் பிரசவத்துக்காக பதுளைக்குப் போயிருந்தார். வீட்டில் அவள் மட்டும். முன்னறை, வாசலில் துணித்திரை தொங்கும் உள்ளறை, பின்னால் அடுப்படி. ஆறு மணிக்கு டிவியில் ஒரு மலைச்சரிவு தெரிந்தது. ஆகில் சொல்லியிருந்த விளையாட்டு: இரண்டு பேர் சேர்ந்து காட்டைத் திருத்தி ஒரு வீடு கட்டவேண்டும். கூட ஆட ஒருவர் காத்திருக்கிறார் என்று டிவியில் எழுத்து வந்தது. சேர்த்துக்கொண்டாள். ஹெட்செட்டில் ஒரு இரைச்சல், மழை தகரத்தில் விழுகிற மாதிரி.

"என்னங்க, வந்துட்டீங்களா?"

இரைச்சலுக்குள்ளிருந்து மங்கலாக ஒரு குரல், "ம். வந்துட்டேன்."

அவள் அவர் பெயரைச் சொல்வதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணமான மறுநாளே மாமியார் சொல்லிவைத்தார். கணக்கு டீச்சருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தே வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. பேங்கில் கேட்டால் துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டுவாள். போனிலும் 'அவர்' என்றுதான் பதிந்திருந்தாள். நேரில், போனில், இப்போது இதில், எல்லாவற்றுக்கும் ஒரே அழைப்புதான்: என்னங்க.

அன்றைக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். அவர் அதிகம் பேசவில்லை. பேசுகிற மனிதரும் இல்லை. மரம் வேண்டுமென்றால், "என்னங்க" என்றாள். "இதோ வந்துட்டேன்" என்று குரல் வந்தது, மரமும் வந்தது. இரண்டு வருசத்தில் இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. 'வாங்கலாம்' பக்கத்தில் எழுதினாள்: சேர்ந்து இருக்கிற மாதிரி இருக்கு.

படுக்கப்போகும்போதுதான் ஒன்று உறைத்தது. அவர் "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகலில் அவருக்கு இரண்டு மெசேஜ் அனுப்பினாள். ஒற்றை டிக்தான் விழுந்தது. தூக்கமாக்கும். மூன்று மணிவரை தூங்குகிறவர், சரி. ஆனால் சாயங்காலமும் ஒற்றை டிக். போனை அணைத்துவைத்துவிட்டு விளையாட மட்டும் வருகிறாரா? போனில் என்ன இருக்கிறது, அல்லது யார் இருக்கிறார்கள்? கன்ட்ரோலரை எடுத்தாள். பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் கிடந்த அது, அன்றைக்கும் சூடாக இருந்தது.

வீட்டுக்கு இரண்டாவது அறை கட்டிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டாள். "என்னங்க, நம்ம கல்யாணத்தன்னைக்கு என்னா மழை, ஞாபகம் இருக்கா?"

"ம். மழை."

கல்யாணத்தன்று வெயில் கொளுத்தியது. போட்டோக்காரர் குடை பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. இவர் கேட்பதே இல்லை, சும்மா தலையாட்டுகிறார், மனசு வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்தாள். வேறு விதமாக நினைக்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. ஹெட்செட்டைக் கழற்றப் போனவளை அந்தக் குரல் நிறுத்தியது.

"அடுப்படியில ஒழுகுது. வாளி வை."

எழுந்து போய்ப் பார்த்தாள். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக அடுப்புக் கல்மேல் விழுந்துகொண்டிருந்தது. காலையில் அது இல்லை. சத்தம் மைக்கில் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வாளியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபிறகு, ஹெட்செட்டை மாட்டியபடி காதைத் தீட்டிக் கேட்டாள். சொட்டுகிற சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

புதன்கிழமை வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆறு மணிக்கு அதுவாகவே ஒரு 'பீப்' சத்தம். கன்சோலின் விளக்கு எரிந்தது. விசிறி சுழன்று வெளியே தள்ளிய காற்றில் தூசி வாசமில்லை. பூட்டிவைத்த படுக்கையறையின் வாசம் வந்தது. தலையணை, தலைக்கு வைத்த எண்ணெய், மருந்துத் தைலம். ஆகில் தைலம் பூசுவதில்லை.

ஆனாலும் ஹெட்செட்டை மாட்டினாள். விளையாட்டில் வீடு முடிந்திருந்தது. அவள் இல்லாத நேரத்தில் யாரோ முடித்திருக்கிறார்கள். முன்னறை, உள்ளறை, பின்னால் அடுப்படி. உள்ளறை வாசலில் திரை.

"என்னங்க, இது நீங்க கட்டுனதா?"

"ம்."

"நம்ம வீடு மாதிரியே இருக்கு."

"நம்ம வீடுதான்."

அவள் தலையைத் திருப்பினாள். ஜன்னல் கட்டையில் இருந்த ரவுட்டரில் சிவப்பு விளக்கு. மழையில் சிக்னல் போய்விட்டது. எப்போது போனது? போனை எடுத்துப் பார்த்தாள். ஐந்து மணியிலிருந்து ஒரு மெசேஜும் வரவில்லை. நெட் ஒரு மணிநேரமாக இல்லை. ஹெட்செட்டில் மட்டும் மூச்சு கேட்டது. சீராக, பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு. வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். டிவி இருண்டது. மூச்சு அதற்கப்புறமும் கொஞ்சநேரம் கேட்டதா, அது தன்னுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை இடைவேளை மணி அடித்து வகுப்பைவிட்டுக் கிளம்பும்போது ஆகிலின் மெசேஜ் வந்தது.

"ஸாரி யசோ. திங்கக்கிழமையிலருந்து டபுள் டியூட்டி. அண்டர்கிரவுண்ட்ல போட்டுட்டாங்க, சிக்னலே இல்ல. ஒருநாளும் வரமுடியல. கோவமா? கன்சோல் எடுத்தியா? சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம் வெளிய வருவேன், கூப்பிடு. சாப்பிட்டியா?"

அவள் கையிலிருந்த வெண்கட்டி விழுந்து உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஸாஹிர் நானாவுக்கு போன் போட்டாள். அந்தச் சாமானை யார் விற்றது என்று கேட்டாள்.

"மெஷின்ல ஒரு பிழையும் இல்ல டீச்சர்."

"மெஷின விடுங்க. யாரு குடுத்தாங்க?"

"வெலிமடைப் பக்கத்துப் பொம்புள ஒராள். வீட்டுக்காரர் மவுத்தாகி ரெண்டு மாசம். நோயாளி மனுசன், உள்ளறையில படுத்த படுக்கையா இதுலதான் பொழுது போக்கினவராம். உசிர் போறப்பவும் கையில இதான் இருந்திச்சாம். பொறகு யாரும் எடுக்கல்லையாம்."

"அவங்க வேற ஏதாவது சொன்னாங்களா?"

"அவங்க பேசவே இல்ல டீச்சர், கூட வந்தவங்கதான் எல்லாம் சொன்னாங்க. பில்லுக்கு அவர்ட பேர் கேட்டன், பேனைய வாங்கி எழுதித் தந்தாங்க. உங்கட ஆக்கள் பேர் சொல்ல மாட்டாங்கதானே. ஆனா இவங்க என்னயக்கூட ஒருக்காவும் கூப்பிடல்ல. எல்லாத்துக்கும் கைச்சைகைதான். வாயத் திறந்து ஆரையும் கூப்பிடப் பயந்த மாதிரி."

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தாள். எல்லா விளக்கையும் போட்டாள். கன்சோல், வயர், ஹெட்செட், கடைசியாகக் கன்ட்ரோலர். அதைத் துணியால் பிடித்துத்தான் பெட்டிக்குள் போட்டாள். பிரவுன் டேப்பை நாலு பக்கமும் சுற்றினாள். முடிந்ததும் இன்னொரு சுற்று. பரீட்சைத்தாளில் 'வேண்டாம்' என்பதை வட்டமிட்டாள். நாளைக்கு இது பெரகலையில். அத்தோடு போய்த் தொலையும். பனிமூட்டம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது, ரோட்டில் லொறி போகிற சத்தம்கூட எட்டவில்லை.

ஆறு மணி. 'அவர்' என்ற பெயரை அழுத்தினாள்.

மணி போனது.

இப்போது அவளுக்குப் புரிந்திருந்தது. அந்த மனிதரையும் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டது ஒரே சொல்லில்தான். இத்தனை நாளும் அவளே அதைச் சொல்லிச் சொல்லி அழைத்திருக்கிறாள். அவரும் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறார். இன்றைக்குப் பெயரைச் சொல்லவேண்டும். பெயருக்கு ஒருவர்தான் வரமுடியும். ஆகில். மூன்று எழுத்து. மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆகில். ஆயுசு குறையாது. ஒன்றும் ஆகாது.

மணி போனது.

டேப் சுற்றிய பெட்டிக்குள் 'பீப்' என்றது.

"ஆ..." என்றாள். நாக்கு அங்கேயே நின்றது. தைல வாசம். பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது. "ஆ..." வரவில்லை. பயத்தில் இரண்டு வருசப் பழக்கம் முந்திக்கொண்டது.

"என்னங்க..."

"இதோ. வந்துட்டேன்."

போன் இன்னும் மணியடித்துக்கொண்டிருந்தது.

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. ஹெட்செட் இல்லாமல், இரைச்சல் இல்லாமல். கட்டில் முனகியது. வெகுநாள் படுத்திருந்தவர் எழுவது போல, நிதானமாக. ஆகில் விட்டுப்போன ரப்பர் செருப்பு கட்டிலுக்கடியில்தான் இருந்தது. அது தரையில் உரசியது. ஒரு காலடி. இன்னொன்று. கதவு அவளுக்கு வலப்பக்கம், நான்கு எட்டு. கால் அசையவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திரை வளையங்கள் கம்பியில் நகர்ந்தன.

ஆகில் போனை எடுத்துவிட்டார். "ஹலோ யசோ? சத்தமே காணோம். சாப்பிட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள். எந்தப் பெயரும் வரவில்லை.

"யாரு போன்ல?" என்று காதோரம் குரல் கேட்டது. தோளில் வந்து படிந்த கை வெதுவெதுப்பாக இருந்தது.