தலைவியின் ஜோடி

தீக்குச்சிதான் அம்மாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். அதனால் பிறகு நடந்ததற்கெல்லாம் யாரைத் திட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஒல்லி உடம்பு, பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் கோபம். அதனால் சிறுமியர் குழுவில் அவளுக்கு அந்தப் பெயர். நூலகத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் சனிக்கிழமைதோறும் குழு கூடும். முடிச்சுப் போடுவது, கூடாரம் கட்டுவது, தொண்டை கிழியப் பாடுவது எல்லாம் உண்டு. பழைய தலைவி வேலை மாற்றலாகிப் போனதும், நூலகர் அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சம்பளம் கிடையாது. யாராவது முன்வந்தாதான் குழு நடக்கும். இல்லேன்னா மூடவேண்டியதுதான்."

அம்மாக்கள் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு கை உயர்ந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்தவள் தீக்குச்சி.

"ஏய், என்னடி பண்றே?" என்று அம்மா முணுமுணுப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவள், தலைவியின் பச்சை ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டியதும் நிமிர்ந்து நின்றாள். தீக்குச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்மா, சூப்பரா இருக்கே!"

"இங்க அம்மா கிடையாது. தலைவியை எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடணும். நீயும்தான்."

"நான் உன்னை அக்கான்னு கூப்பிட்டா, அப்பாவை என்னன்னு கூப்பிடறது? அத்தான்னா?"

கூடமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரம்மா, "தலைவி பொண்ணுக்கு இனிமே ராஜ உபசாரம்தான்," என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

அன்றோடு தீக்குச்சியின் பெருமை போயிற்று. பழச்சாறு தீக்குச்சிக்குக் கடைசியில்தான் வரும். பாடுவதற்கு அவள் கை தூக்கினால் அம்மாவின் கண் தாண்டிப் போய்விடும். கூடம் பெருக்கவும் தண்ணீர் வாளி தூக்கவும் மட்டும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவாள்.

"எப்பவும் நானேவா?"

"உன்னைச் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"நான் கேக்கறேனே!"

அம்மா வாளியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஒரே ஆறுதல், ஜோடி. வெளியே போனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் ஊதியதும் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். எல்லாக் கையும் ஜோடியாக இருந்தால் யாரும் தொலையவில்லை என்று அர்த்தம். ஜோடி பிரித்தபோது தீக்குச்சி ஒருத்தி மிஞ்சியதால், அவளுக்கு ஜோடி தலைவிதான். அந்தக் கொஞ்ச நேரம், ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன அந்தக் கை அவளுக்கே அவளுக்கு.

ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போன நாளில் அதுவும் போயிற்று. குழுவிலேயே சின்னவள் ஒருத்தி. எப்போதும் கண்ணோ மூக்கோ ஒழுகிக்கொண்டிருக்கும், அதனால் சொட்டு. அவள் மூக்கைத் துடைத்துவிடுவது தீக்குச்சிதான். அன்று அவளுடைய ஜோடிக்குக் காய்ச்சல். சொட்டு அழுத அழுகையில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ என் ஜோடி?"

"நீதான் என் பக்கத்துலயே இருக்கியே," என்றாள் அம்மா.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறும் நேரத்தில், "குழாயடியில வாளியை விட்டுட்டோம். தீக்குச்சி, ஓடு," என்றாள். தீக்குச்சி ஓடினாள். குழாய் பூங்காவின் அந்தக் கோடியில் இருந்தது. தூரத்தில் விசில் கேட்டது. அங்கே கைகள் உயர்ந்தன. சொட்டின் கையைத் தலைவி உயர்த்தினாள். எல்லாக் கையும் ஜோடி.

வாளியோடு அவள் திரும்பி வந்தபோது பஸ் இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.

பின்னால் ஓடலாமா என்று கால் பரபரத்தது. 'தொலைஞ்சா நின்ன இடத்துலயே நில்லு. தேடறவங்க அங்கதான் வருவாங்க.' சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பூங்காக் காவல்காரர் வந்தார். "யாரும்மா நீ? யார்கூட வந்தே?"

"அக்காகூட."

"அக்கா எங்கே?"

"போயிட்டா. அக்காதான் எங்க அம்மா."

காவல்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அக்காதான் அம்மாவா? சரி, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வராமலா போயிடுவாங்க?" பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அழக் கூடாது என்று இருந்தாள். அப்புறம் அழுதாள்.

இருட்டுவதற்குள் பஸ் திரும்பி வந்தது. நிற்பதற்கு முன்பே அம்மா குதித்தாள். ஸ்கார்ஃப் முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது.

"எல்லாக் கையும் ஜோடியா இருந்துச்சுடி! நான் பார்த்தேனே!"

"நான் இல்லேன்னு யாரு முதல்ல பார்த்தது?"

அம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சொட்டு."

படியில் நின்ற சொட்டு மூக்கை உறிஞ்சினாள். "என் மூக்கைத் தொடைச்சுவிடற அக்காவைக் காணோமேன்னு கேட்டேன்."

தீக்குச்சி பஸ்ஸில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா மெல்லச் சொன்னாள்: "அடுத்த வாரத்திலேர்ந்து நான் தலைவி இல்ல. விட்டுடறேன்."

தீக்குச்சி இதைத்தானே இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்தாள்! திரும்பிப் பார்த்தாள். எல்லா முகமும் அவளையே பார்த்தன.

"நீ விட்டா, மத்த அம்மாங்க திரும்பவும் தரையைத்தான் பார்ப்பாங்க," என்றாள் மூக்கடைத்த குரலில். "விட வேண்டாம். ஆனா இனிமே வாளிக்கு முறை வைக்கணும். வாரத்துக்கு ஒரு ஜோடி. மருந்துக்கடை வீட்டுப் பொண்ணும் தூக்கணும்."

"சரி."

"அப்புறம், நீ எனக்கு ஜோடியா இருக்க வேண்டாம்."

அம்மாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கத் தீக்குச்சிக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நன்றாக இல்லை.

"நீ எல்லாரையும் பார்க்கணும். என்னைப் பார்க்க ஒருத்தி வேணும்ல?"

எழுந்துபோய்ச் சொட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, பிசுபிசுவென்றிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் ஜோடிக்குக் காய்ச்சல் சரியாப் போச்சுன்னா?"

"மூணு பேரும் சேர்ந்து பிடிச்சுக்கலாம். ஆனா மூக்கை நீயேதான் தொடைச்சுக்கணும்."

"சரி," என்ற சொட்டு தீக்குச்சியின் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, தெருமுனையில் அம்மா ஸ்கார்ஃபை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள்.

"இப்ப அம்மான்னு கூப்பிடலாமே."

"இன்னும் கோபம் போகலை."

"எப்ப போகும்?"

"தெரியாது."

அம்மா கையை நீட்டினாள். தீக்குச்சி அதைப் பார்த்துக்கொண்டே நாலு வீடு தாண்டினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். கோபம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. கையும் வந்தது.